கருப்பட்டியும் சீனிதான்

களியக்காவிளை,
ஞாயிறு ராத்திரி

எட்டி லில்லி,

ஓணத்துக்கு நீ அனுப்பிய உப்பேரி தீர்ந்து, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தும் ஆயிற்று, நான்தான் இன்னும் பதில் போடவில்லை. கோபமிருந்தால் ஃபோனில் திட்டு. அம்மாவுக்கு முட்டுவலி தேவலை, சின்னவன் பாறசாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

விஷயம் வேறு. போன மாதம் இவருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) பார்த்ததில் 7.8 சதவீதம். 6.5 வந்தாலே சர்க்கரை நோய்தான் என்று டாக்டர் சொன்னதும், "நான் சீனியே தொடுவதில்லை, வீட்டில் கருப்பட்டி கேக் மட்டும்தான்" என்றார் இவர். எனக்குத் தலை நிமிரவில்லை. அந்தப் பேச்சை அவர் வாயில் போட்டவள் நான்தானே, சீனி விஷம், கருப்பட்டி மருந்து என்று சொல்லிச் சொல்லி ஒரு வருஷமாகச் சாயங்காலம் கட்டன்சாயாவோடு மூன்று துண்டு வெட்டி வைத்ததும் நான்தான். கருப்பட்டிக்கு மணம் உண்டு, கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு, ஆனால் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். உள்ளே போனால் சீனி செய்வதைத்தான் அதுவும் செய்கிறது. அதையே உனக்கும் பார்சல் கட்டி, பயப்படாமல் தின்னு என்று எழுதினேனே, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவளுக்கு!

அன்றைக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 250 கிராம் மாவுக்கு 200 கிராம் கருப்பட்டி. எட்டுத் துண்டு போட்டால் ஒன்றில் 25 கிராம். ஒரு நாள் முழுவதுக்குமே அதற்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர் தின்றது 75.

முதலில் பாதியாகக் குறைத்தேன், ரஸ்க் மாதிரி வறண்டுவிட்டது. ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அந்த இனிப்புதானே. இப்போது 120 கிராம், கூடவே நன்றாகப் பழுத்த மட்டி வாழைப்பழம் நாலைந்து பிசைந்து போடுகிறேன். பழத்திலும் சர்க்கரை உண்டுதான், நாரும் சேர்ந்து வருகிறதே. மைதா பாதி, கோதுமை மாவு பாதி. கோதுமை தண்ணீர் கூடுதலாகக் குடிக்கும், அதனால் தயிரில் இருபது நிமிஷம் ஊற விட்டு, அடுப்பில் வைக்கப் போகும்போதுதான் சோடா உப்பைக் கலக்க வேண்டும், முன்னாலேயே போட்டால் பொங்கி அடங்கிவிடும். ராகி மாவு சேர்ப்பதென்றால் கால் பங்குக்கு மேல் வேண்டாம், உதிர்ந்துபோகும், ஜெயாவின் பிறந்தநாள் கேக்கை மறந்திருக்க மாட்டாய்! டால்டாவை ஒழித்தாயிற்று. 100 கிராம் வெண்ணெய் போட்ட இடத்தில் 80 கிராம் கடலை எண்ணெய். தேங்காய் எண்ணெயை ஏன் விட்டாய் என்று நீ சண்டைக்கு வருவாய், ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு, இவருக்குக் கொலஸ்டிராலும் இருக்கிறது. அப்புறம் பதினாறு துண்டாக வெட்டுகிறேன். ஒன்றில் ஏழரை கிராம் கருப்பட்டி, அதுவும் நாளைக்கு ஒன்றுதான்.

1883இல் உங்கள் தலச்சேரியில் பேக்கரி வைத்திருந்த மாம்பள்ளி பாபு இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் சுட்டபோது, பிராந்திக்குப் பதில் நாட்டுச் சாராயம் சேர்த்தாராம், நீ சொன்ன கதைதான். கைக்குக் கிடைத்ததை வைத்து அவர் மாற்றினாரே, நாமும் மாற்றலாம். இந்தக் கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் உலர்திராட்சை பாதிதான், அதிலும் பாதிக்கு மேல் சர்க்கரை. மீதிக்கு முந்திரிப்பருப்பு.

இந்தப் புதுக் கேக் பார்சல் வந்ததும் ஒரே ஒரு துண்டு தின்று, இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார். எண் என்ன வந்தாலும் மறைக்காமல் எனக்கு அனுப்பு.

உன்,
மேரி