காதை நம்பி உறவு கொண்டாடலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்னோரைத் தேடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, கைரேகையைப் போலக் காதும் ஆளுக்கு ஆள் வேறுபடும், ஆயுள் முழுவதும் மாறாது, ஆகவே பழைய படங்களில் காதை ஒப்பிட்டே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறது. இதே நம்பிக்கையில் எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடந்தது.

இங்கே மொரிஷியஸின் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பதிவேடுகளும் படங்களும் இருக்கின்றன. என் சித்தப்பா மகன் அங்கிருந்து ஓர் இளம்பெண்ணின் படத்துக்கு நகல் வாங்கி வந்தான். கூடத்தில் மாட்டியிருக்கும் எங்கள் கொள்ளுப்பாட்டியின் படத்தருகே அதைப் பிடித்துக்கொண்டு, "மேல் மடிப்பைப் பாருங்கள் அக்கா, அச்சு அசல்!" என்றான். மாலையும் போட்டாயிற்று. பிறகு கொள்ளுப்பாட்டியின் திருமணப் பதிவை எடுத்துப் பார்த்தால், வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட குடியேற்ற எண் வேறு. அந்தப் பெண் வேறொரு கப்பலில் வந்த யாரோ ஒரு புண்ணியவதி. மாலையைக் கழற்ற எனக்குத்தான் மனம் வரவில்லை.

காது மாறாது என்று தமிழர்களிடமே சொல்வது வேடிக்கை. காது வடித்து, தண்டட்டியும் பாம்படமும் போட்டுத் தோள்வரை தொங்கவிட்ட பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாம்! எங்கள் கொள்ளுப்பாட்டியின் காது அப்படிப்பட்டதுதான். நகலில் இருந்த பெண்ணுக்கோ தோடு போடும் அளவுக்கே துளை. கீழ்ப்பாதி ஒத்துவராததால் தம்பி அதை விட்டுவிட்டு, ஒத்துவந்த மேல்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டான். நகை போடாத காதும் சும்மா இருப்பதில்லை. 1995இல் ஓர் ஆங்கிலேய மருத்துவர் முப்பது வயதைக் கடந்த 206 பேரின் காதுகளை அளந்து, காது ஆண்டுக்குச் சராசரியாக 0.22 மில்லிமீட்டர் நீளுகிறது என்று கணக்கிட்டார். நாற்பது ஆண்டு இடைவெளி உள்ள இரண்டு படங்களில் இது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். தலை சற்றுத் திரும்பினாலே மடிப்பின் நிழல் வேறாக விழும் என்பது தனிக் கதை.

எங்களுக்கு முன்பே பெரிய இடத்தில் ஏமாந்திருக்கிறார்கள். ரஷ்யப் பேரரசரின் மகள் அனஸ்தாசியா நான்தான் என்று சொல்லிக்கொண்ட அன்னா ஆண்டர்சனின் காதைப் படங்களில் ஒப்பிட்டு, இவர் அவரேதான் என்று 1970களில் ஒரு ஜெர்மானிய நிபுணர் முடிவு சொன்னார். அந்த அம்மையார் 1984இல் இறந்தார். பத்து ஆண்டுகள் கழித்து வந்த மரபணுச் சோதனை, அரச குடும்பத்துக்கும் அவருக்கும் உறவில்லை என்று காட்டியது.

நீதிமன்றங்களிலும் காது சாட்சியாக வந்திருக்கிறது; அங்கே பெரும்பாலும் படம் அல்ல, கண்ணாடியிலும் கதவிலும் பதிந்த காதுத் தடம். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் 1996இல் நடந்த கொலையில், ஜன்னலில் இருந்த தடம் இவருடையதே என்று நிபுணர் அடித்துச் சொன்னதால் ஒருவருக்கு 1998இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2002இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது. அந்தத் தடத்தில் இருந்த மரபணு அவருடையதல்ல என்று தெரிந்ததும் 2004இல் வழக்கே கைவிடப்பட்டது. காது மென்மையானது, அழுத்தம் கூடினால் தடமும் மாறும். ஆனால் படமோ தடமோ, எனக்கு உறுத்தும் கேள்வி ஒன்றுதான்: இதே அளவுக்கு ஒத்துப்போகும் காது ஊரில் இன்னும் எத்தனை பேருக்கு இருக்கிறது? என் தம்பி ஒரே ஒரு படத்தைத்தான் கொண்டுவந்தான். பக்கத்தில் இன்னும் ஐம்பது பெண்களின் படங்களை வைத்திருந்தால் அவனே தடுமாறியிருப்பான்.

காதைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இவராக இருக்கலாமோ என்று சந்தேகப்பட அது உதவும். ஆனால் குடியேற்ற எண், கப்பலின் பெயர், தகப்பன் பெயர், ஊர் ஆகியவை ஒத்துவந்த பிறகுதான் படத்துக்கு வரவேண்டும். திருமண, மரணப் பதிவுகளிலிருந்து அந்த எண்ணைத் தேடி எடுப்பது எப்படி என்று அடுத்த இதழில் ஒரு பக்கம் எழுதுங்கள். எங்கள் வீட்டுப் பதிவின் நகலை அனுப்பித்தர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்