பீடியை விட வந்தவர்களுக்கும், கூட்டி வந்தவர்களுக்கும்

அன்புள்ள ஊர்மக்களுக்கு,

புகைப்பழக்கத்தை விடுவதற்காக நூலக மாடியில் நடந்த வாரக் கூட்டத்தின் முதல் சுற்று நல்லபடியாக முடிந்தது. யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று யோசித்தால், ஒரு பீடிகூடப் பிடிக்காதவர்களின் முகங்கள்தான் முதலில் வந்து நிற்கின்றன.

பீடி சுற்றும் அக்காமார்களே, முதல் வணக்கம் உங்களுக்கு. தென்காசிப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது உங்கள் கைவேலையால்தான். மடியில் தட்டும் இலையும் தூளுமாக உட்கார்ந்திருக்கும் நீங்கள், "எங்க வீட்டு ஆளு இதை விடணும்" என்று கையோடு கூட்டி வந்தது லேசான காரியம் இல்லை. அன்றைக்குச் சுற்ற வேண்டிய கட்டைத் தள்ளி வைத்துவிட்டு வந்தீர்கள். 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகைப்பவர்கள் ஆண்களில் 19 சதவீதம், பெண்களில் 2 சதவீதம்தான். எங்கள் கூட்டத்திலோ பெண்கள் கிட்டத்தட்டப் பாதி. நீங்கள் பக்கத்தில் இருந்ததால்தான் "விட்டாச்சு" என்று யாராலும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தங்கச்சிமாருக்கு நன்றி. பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கப் போன வீடுகளில் நீங்கள் எடுத்துச் சொன்னதால்தான் பெரியவர்கள் முதல் வாரமே வந்தார்கள்.

"பகல்ல வச்சா கூலியை விட்டுட்டு எவன் வருவான்?" என்று நேராகக் கேட்ட கொத்தனார் அண்ணாச்சிக்குத் தனி நன்றி. இலவசம் என்று நாம் சொல்லலாம். தினக்கூலிக்காரருக்கு அந்தக் கூட்டத்தின் விலை ஒரு நாள் சம்பளம். இரவு எட்டு மணிக்கு மாற்றிய பிறகுதான் கட்டட வேலை, லோடு வேலை பார்க்கிறவர்கள் வந்தார்கள்.

டீக்கடை அண்ணாச்சி, பற்ற வைக்கிற கயிற்றைக் கழற்றிவிட்டு அங்கே கிராம்பு டப்பா வைத்தீர்களே, அது பெரிய உதவி. அந்த வேட்கை சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை வாய்க்கு ஏதாவது வேண்டும். பீடி ஆசையைத் தணிக்கத் தரும் நிக்கோடின் சூயிங்கத்தைச் சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மெல்லக் கூடாது, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தந்த செவிலியருக்கும் நன்றி. கூட்டம் இல்லாத நாட்களில் புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசகர்கள் தமிழிலேயே பேசினார்கள். அவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும்.

வாசலில் பைக்கில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்த தம்பிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உள்ளே வரவில்லை, சரி. ஆனாலும் கடைசிவரை நின்றீர்கள்.

எல்லாரையும்விட, கோயில் கொடைத் திருவிழாவில் மறுபடி பிடித்துவிட்டு, அடுத்த வாரமே வந்து எல்லார் முன்னாலும் அதைச் சொன்னவர்களுக்கு என் நன்றி. அதன் பிறகுதான் மற்றவர்களும் மனசு விட்டுப் பேசத் தொடங்கினார்கள்.

அடுத்த சுற்று தை மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, அதே எட்டு மணி. தனியாக வரத் தயக்கமாக இருந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள்.