ஞாயிறு இரவு: தெருனோஃபுஜியும் 2007-உம்

நண்பர்களே, ஞாயிறு இரவு 8 மணிக்கு ஜப்பானிய சுமோ மல்யுத்த வீரர் தெருனோஃபுஜியைப் பற்றிப் பேசுவோம். சுமோவின் இரண்டாவது உயர்ந்த தகுதியான ஓசெக்கியாக இருந்தவர், முழங்கால் காயமும் நீரிழிவும் சேர்ந்து ஐந்தாம் பிரிவான ஜோனிதான் வரை சரிந்தார். அங்கிருந்து ஏறி 2021-இல் உச்சத் தகுதியான யோகோசுனா ஆனார். இரண்டு முழங்காலிலும் தடித்த கட்டு. எதிராளியின் கைகளை வெளிப்புறமிருந்து தன் கைகளால் இறுக்கிப் பூட்டி, அப்படியே வட்டத்துக்கு வெளியே தள்ளும் கிமெதாஷி! வீடியோவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, 2011-இல் மார்ச் மாத சுமோ போட்டியையே ரத்து செய்ய வைத்த ஆட்ட மோசடி. குறுஞ்செய்திகளில் சிக்கிய கதை அது.

கடைசியாக, 2007-இல் சுமோ பயிற்சிக்கூடத்தில் அடி வாங்கி இறந்த பையனைப் பற்றி. அவனுக்கு வயது 17. போனமுறை அந்தப் பேச்சில் சிரிப்புப் பொம்மைகள் வந்தன, மனசு வலித்தது. இந்த முறை வேண்டாம், ப்ளீஸ்.