வார்த்தைய மட்டும் போடாதீங்க, அத எங்க பேசுறாங்கன்னும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மும்பை தாராவில இருந்து எழுதுறேன், இங்க ஒரு லெதர் பேக் கடைல 20 வருஷமா சேல்ஸ்ல இருக்கேன். உங்க பேப்பர்ல தினமும் வர்ற பத்து இங்கிலீஷ் வார்த்தைய என் பொண்ணு வெட்டி நோட்டுல ஒட்டிட்டு வர்றா, அதுக்கு மொதல்ல நன்றி. ஆனா ஒரு விஷயம் ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு, வார்த்தையும் அர்த்தமும் மட்டும்தான் வருது, அத எங்க எப்படிப் பேசுறாங்கன்னு வர்றதில்ல.

போன மாசம் எங்க அம்மாவுக்கு சுகர் டெஸ்ட் எழுதிக் குடுத்தாங்க. சீட்டுல ஃபாஸ்டிங்னு இருந்துச்சு. பொண்ணு நோட்டப் பாத்துட்டு "ஃபாஸ்டிங்னா விரதம் ஆச்சி"ன்னு சொன்னா, அர்த்தம் சரிதான், அம்மாவும் சனிக்கிழமை விரதத்துக்கு எப்பவும் எடுத்துக்கிற மாதிரி ஒரு டம்ளர் பாலும் ரெண்டு வாழப்பழமும் சாப்ட்டுட்டுப் போய் ரத்தம் குடுத்துட்டாங்க. ரிசல்ட் 190. வெறும் வயித்துல 126 வந்தாலே சுகர்னு சொல்றாங்க, அன்னிக்கு ராத்திரி வீட்ல யாருக்கும் தூக்கம் இல்ல. அப்புறம் லேப்ல விசாரிச்சப்பதான் தெரிஞ்சுது, 8 மணி நேரமாச்சும் தண்ணியத் தவிர எதுவும் சாப்பிடக்கூடாதாம். டெஸ்ட் சீட்டுல இந்த வார்த்த இருந்தா இப்படித்தான் வரணும்னு அதே இடத்துல ஒரு வரி இருந்திருந்தா அந்த அலைச்சல் இருந்திருக்காது.

கடைலயும் இதே கததான். சேந்த புதுசுல ஒரு வெளிநாட்டுக்காரம்மா ஒரு பேக்க கைல வச்சுக்கிட்டு "கேன் யூ டூ எனி பெட்டர்?"னு கேட்டாங்க, பெட்டர்னா இன்னும் நல்லதுன்னுதானே படிச்சிருக்கோம், நான் இன்னும் விலை கூடுன பேக்க எடுத்துக் காட்டுனேன், அவங்க பேசாம போயிட்டாங்க. விலையக் குறைக்க முடியுமான்னு கேட்டிருக்காங்க. "இட்ஸ் எ பிட் ஸ்டீப்"னா விலை கொஞ்சம் ஜாஸ்தின்னு அர்த்தம், ஆனா டிக்ஷனரில ஸ்டீப்க்கு செங்குத்துன்னுதான் மொதல்ல இருக்கும். டீ வேணுமான்னு கேட்டா "ஐ ஆம் குட்"ம்பாங்க, அது வேண்டாம்ங்கிறது.

இன்னொன்னு, இது ரொம்ப முக்கியம். நம்ம தமிழ்ல மரியாதைய "ங்க"ல வைக்கிறோம், "குடுங்க"ன்னு சொல்லிட்டா போதும். அதையே இங்கிலீஷ்ல மாத்துனா வெறும் "கிவ்"தான் மிஞ்சும், கேக்கிறவங்களுக்கு அதிகாரம் பண்ற மாதிரி இருக்கும். அவங்க அந்த மரியாதைய "குட்" (could), "வுட்" (would), "ப்ளீஸ்"ல வைக்கிறாங்க. "குட் ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்"னு கேக்கணும். நம்ம புள்ளைங்க இன்டர்வியூல மரியாதையாத்தான் பேசுதுங்க, ஆனா எதிர்ல இருக்கவங்களுக்கு அது அப்படிக் கேக்கல. பத்து வார்த்த லிஸ்ட்ல இத எப்படிக் கத்துக்க முடியும்?

நாங்க ஹிந்தி பாஷைய எந்தப் புக்குல படிச்சோம் சொல்லுங்க? ட்ரெயின் வாசல்ல பின்னாடி நிக்கிறவன் தோளத் தட்டி "உதர்னா ஹை க்யா?"ம்பான், ஸ்டேஷன் வர்றப்ப கேட்டதால இறங்கணுமான்னு கேக்கிறான்னு தானா புரிஞ்சுது. காய்காரர் நோட்டத் திருப்பிக் குடுத்து "சுட்டா தோ"ன்னு சொன்னப்ப சுட்டான்னா சில்லறைன்னு புரிஞ்சுது. யாரும் அர்த்தம் சொல்லித் தரல, ஆனா இன்னிக்கு வரைக்கும் மறக்கல.

இங்கிலீஷ் அந்த மாதிரி எங்க காதுல தினமும் விழறதில்ல, கடைய விட்டா பேங்க்ல, ஆஸ்பத்திரில, ஆபீஸ் ஃபோன்லன்னு எப்பவாச்சும்தான் விழுது, அதனாலதான் உங்க பக்கத்த நம்பி இருக்கோம். பத்து வார்த்தைக்குப் பதிலா தினமும் ஒரு இடம், அங்க ரெண்டு பேர் பேசிக்கிற நாலு வரி, அவ்வளவு போதும். ஒரு நாள் பேங்க் கவுன்டர், "யுவர் அக்கவுன்ட் இஸ் டார்மன்ட்"னு சொன்னா ரொம்ப நாளா வரவு செலவு இல்லாம கிடக்குன்னு அர்த்தம், நாம அடுத்து என்ன கேக்கணும், அவங்க என்ன பேப்பர் கேப்பாங்க, எல்லாம் அந்த நாலு வரிக்குள்ளயே வந்துடும்.

கடைல கஸ்டமர்ங்க பேசுன வாக்கியங்கள, எப்ப சொன்னாங்க எதுக்கு சொன்னாங்கன்னு சேத்து நான் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். உங்களுக்கு உதவும்னா சொல்லுங்க, ஜெராக்ஸ் எடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தாராவி வாசகர், மும்பை