கூடைக் கணக்கும் உன் எக்செல் ஷீட்டும்

பாம்பன்
மே 20

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய எக்செல் ஷீட் வந்தது. போனில் பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்ததால் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து பிரிண்ட் எடுத்துவிட்டேன். 51 பக்கம். கடைப் பையன் "என்ன அத்தை, கோர்ட் கேஸா?" என்றான். என் மகன் பத்து வருஷ ஷேர் விலையை நாள் தவறாமல் இறக்கி அனுப்பியிருக்கிறான் என்று சொன்னால் அவனுக்கு எங்கே புரியப் போகிறது!

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் எனக்கும் நேரம் கிடக்கிறது. விசைப்படகெல்லாம் ஏப்ரல் 15-லிருந்து கட்டிக் கிடக்கிறது. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டு வருகிற கொஞ்சம் நண்டு, கணவாயோடு ஏலம் ஒன்பது மணிக்கே முடிந்துவிடுகிறது. மூன்று நாளாக உன் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு கம்பெனியின் விலையில் நீ ஒரு வரியைச் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறாய். முந்தின நாள் 1,640, மறுநாள் 822. "ஒரே நாளில் பாதியாயிருக்கு, அன்னைக்கு என்ன ஊழல்? அதுக்கப்புறமும் கம்பெனி நல்லாத்தானே ஓடுது, அப்ப இது மலிவுதானே அம்மா?" என்று கேட்டிருக்கிறாய்.

ஊழலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அன்று போனஸுக்கு எக்ஸ் தேதி, அதாவது அன்றிலிருந்து வாங்குகிறவனுக்கு அந்த போனஸ் கிடையாது. ஒரு ஷேருக்கு ஒரு ஷேர் இலவசம். கையில் 10 வைத்திருந்தவனுக்கு 20 ஆனது, விலை பாதியானது, கணக்கு சரியாகப் போயிற்று. எக்ஸ்சேஞ்சிலிருந்து நேராக இறக்கிய விலை அன்றன்று நடந்ததை நடந்தபடி வைத்திருக்கும், பின்னால் வந்த போனஸ், ஸ்ப்ளிட் (ஒரு ஷேரைப் பல துண்டாகப் பிரிப்பது) இவற்றுக்காகத் திருத்தியிருக்காது. நீ போனில் பார்க்கிற ஆப் பெரும்பாலும் திருத்தித்தான் காட்டும். அதே கம்பெனியை அதில் போட்டுப் பார், அந்தப் பள்ளம் இருக்காது.

உன்னைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. நானே அந்தப் பள்ளத்தில் விழுந்தவள்தான். 2004 வாக்கில் உன் அப்பா ராமநாதபுரத்தில் ஒரு புரோக்கர் ஆபீஸ் மூலமாக ஒரு கம்பெனியில் 50 ஷேர் வாங்கி வைத்திருந்தார். ஒருநாள் பேப்பரைப் பிரித்தால் விலை பாதி. அவர் மண்டபத்துக்குப் போயிருந்தார். எனக்கு கைகால் ஓடவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்லி போன் போட்டேன். சாயங்காலம் வந்தவரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். கொஞ்ச நாள் கழித்து ஷேரை வைத்திருக்கிற டீமேட் கணக்கில் வேறொரு 50 வந்து நிற்கிறது! போனஸ் ஷேர். நான் விற்றது நஷ்டத்துக்குப் பயந்து இல்லை, நோட்டீஸைப் படிக்காமல். உன் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. "கூடையை மாத்திட்டாங்க, நீ கவனிக்கல" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கூடைக் கதை உனக்குத் தெரியாது. நீ அப்போது கைக்குழந்தை. ஏலக் கடையில் நான் கணக்கு எழுதின நீள நோட்டுகள் பரண்மேல் இருக்கிறதே, அதில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நெத்திலி ஒரு நாள் 300, மறுநாள் 160, அப்புறம் 150, 165 என்றே போகிறது. பார்க்கிறவன் நெத்திலி விழுந்துபோச்சு என்பான். உண்மையில் அதுவரை பெரிய பனையோலைக் கூடையில் ஏலம் விட்டார்கள். அன்றிலிருந்து பிளாஸ்டிக் கூடை. பழையதில் பாதிதான் பிடிக்கும். நெத்திலி விலை இறங்கவே இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் ஏறியிருக்கிறது. பக்கத்து ஓரத்தில் பென்சிலில் "பு.கூ" என்று எழுதி வைத்திருக்கிறேன், புதுக் கூடை. அந்த இரண்டு எழுத்து இல்லையென்றால் இன்றைக்கு எனக்கே அது புரியாது.

உன் ஷீட்டில் "பு.கூ" என்று எழுத மேலிருந்து கீழாகத் தனியாக ஒரு பத்தி இல்லை. அதுதான் குறை.

இன்ஃபோசிஸை எடுத்துக்கொள். 1993-ல் ஒரு ஷேரை 95 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் 1994, 1997, 1999 என்று போனஸ், 2000-ல் ஸ்ப்ளிட், 2004-ல் ஒன்றுக்கு மூன்று போனஸ், பிறகு 2006, 2014, 2015, 2018. அன்று 100 வாங்கி விற்காமல் வைத்திருந்தால் இன்றைக்கு 1,02,400 ஷேர். ஆக, அந்த 95 ரூபாயைத் திருத்தினால் ஒன்பது பைசாச் சொச்சம் வரும். 1993-ல் யாராவது ஒன்பது பைசாவுக்கு வாங்கினார்களா? இல்லை. அது கணக்குக்காகச் செய்த விலை. எம்.ஆர்.எஃப் நேர் எதிர். ஷேரைப் பிரிக்கவே மாட்டோம் என்பது போல விட்டுவிட்டார்கள், 2023 ஜூனில் ஒரு ஷேர் ஒரு லட்சத்தைத் தாண்டியது. உன் சித்தப்பா "ஐயோ, எவ்வளவு விலை" என்று வாயைப் பிளந்தார். கூடை பெரிசு, அவ்வளவுதான்.

டிவிடெண்டையும், அதாவது கம்பெனி லாபத்திலிருந்து ஷேருக்குத் தருகிற பணத்தையும், பார்த்துக்கொள். தங்கச்சிமடத்தில் தேங்காய் பறிக்கிறதுக்கு முந்தின நாள் தோப்பு விலை ஒன்று, பறித்த மறுநாள் ஒன்று. டிவிடெண்டுக்கு எக்ஸ் தேதியன்று விலை கொஞ்சம் இறங்குவதும் அப்படித்தான், காய் உன் வீட்டுக்கு வந்துவிட்டது. போனஸைத் திருத்துகிற ஆப்கள் பல டிவிடெண்டைத் திருத்துவதில்லை. பத்து வருஷத்தில் எவ்வளவு பலன் என்று கணக்குப் போடும்போது காயையும் சேர்த்துக்கொள்.

அடுத்து, அன்றைக்கு எத்தனை ஷேர் கைமாறியது என்று சொல்கிற வால்யூம் பத்தியை நீ அழித்தே விட்டாய். "தேவையில்லை" என்று நினைத்தாயாக்கும். கச்சான் காற்று சுழற்றியடித்து ஒருத்தரும் கடலுக்குப் போகாத ஒருநாள் ஒரே ஒரு வல்லம் கணவாயோடு வந்தது. கல்யாண வீட்டுக்காரர் ஒருவரும் ஓட்டல்காரர் ஒருவரும் மல்லுக்கட்டியதில் மூன்று மடங்கு விலை போனது. நோட்டில் அதுவும் ஒரு வரிதான். அதை வைத்து அந்த மாசம் கணவாய் அந்த விலை விற்றது என்று சொல்லலாமா? சின்னக் கம்பெனி ஷேரில் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது ஷேர் மட்டும் கைமாறியிருந்தால் அந்த விலையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அந்தப் பத்தியைத் திரும்பப் போடு.

நோட்டைப் புரட்டும்போது ஒன்று மனசில் தைத்தது. கடல் அட்டை என்கிற கடல் பிராணியின் விலை. 2001 வரைக்கும் வரி வரியாக இருக்கிறது. ஏறிக்கொண்டேதான் போகிறது. அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த வருஷம் அரசு அட்டையை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டது. பிடித்தால் ஜெயில். முங்கி எடுக்கிற குளியாளிகளும் வியாபாரிகளும் எத்தனை குடும்பம் நின்றுபோனது. அதற்கு முந்தின வாரத்து விலையைப் பார்த்தவனுக்கு இது வரப்போவது தெரிந்திருக்குமா? விலைப் பத்தி அதைச் சொல்லாது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனியும் அப்படித்தான். 2009 ஜனவரி 6-ம் தேதி 179 ரூபாய், மறுநாள் 40. அது போனஸ் இல்லை, கணக்கே பொய். போனஸ் பள்ளமும் சத்யம் பள்ளமும் உன் ஷீட்டில் ஒரே மாதிரிதான் தெரியும் தம்பி. இன்னொன்று, நீ பத்து வருஷ விலை இறக்கியதெல்லாம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற கம்பெனிகள். மூடிப்போனவை உன் பட்டியலில் வரவே வராது. அதை மறந்துவிட்டு "எல்லாமே ஏறியிருக்கு" என்று எழுதியிருக்கிறாய்.

"2,400-க்குப் போன ஷேர், இப்ப 900, திரும்ப அங்கே போகும்" என்று இன்னொரு கம்பெனிக்கு எழுதியதைப் பற்றி என்ன சொல்ல? தடைக்காலம் முடிந்து முதல் ஏலத்தில் இறால் என்ன விலை போகும் என்று உனக்குத் தெரியும். அந்த விலையை மனசில் வைத்துக்கொண்டு வருஷம் பூராவும் "மலிவு, மலிவு" என்று வாங்கிக் குவித்த ஒருவரை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும், பெயர் வேண்டாம்.

பழைய விலை நிஜமாகவே உதவுகிற இடம் ஒன்று இருக்கிறது. உன் வீட்டு அட்வான்ஸுக்காக அப்பா விட்டுப்போன ஷேரில் கொஞ்சம் விற்கலாம் என்று இருக்கிறேன். 2018 ஜனவரி 31-க்கு முன்னால் வாங்கியதற்கு வரிக் கணக்கில் வாங்கின விலைக்குப் பதிலாக அந்த நாளின் விலையை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் சந்தை மூடும்போதிருந்த க்ளோசிங் விலை இல்லை, அன்றைய உச்ச விலை. 200-க்கு வாங்கி, அன்று 650 இருந்து, இப்போது 900-க்கு விற்றால் லாபம் 250 மட்டுமே, 700 இல்லை. வருஷத்துக்கு ஒன்றேகால் லட்சம் வரை நீண்டகால லாபத்துக்கு வரியும் இல்லை, அதற்கு மேல்தான் பன்னிரண்டரை சதவீதம். இதில் நீ கவனிக்க வேண்டியது, ஆப்பில் தெரிகிற திருத்தின விலையை எழுதிவிடாதே. 2018-க்கு அப்புறம் போனஸ் வந்திருந்தால் பழைய ஷேருக்கு அன்று எக்ஸ்சேஞ்சில் நடந்த விலை, போனஸ் ஷேருக்கு அடக்கம், அதாவது வாங்கின விலை, பூஜ்ஜியம். ஆடிட்டரிடம் ஒரு தரம் கேட்டுக்கொள்.

அப்பாவின் ஷேர் நான்கு கம்பெனி. 2018 ஜனவரி 31 உச்ச விலையை நான்குக்கும் எடுத்து அனுப்பு. அப்புறம் உன் ஷீட்டில் விலை அதிகமாக விழுந்த பத்து நாளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் என்று எழுது. போனஸா, டிவிடெண்டா, கொரோனாவில் சந்தையே விழுந்த 2020 மார்ச் மாதிரியா, கம்பெனிக்கே ஏதாவதா. அதை எழுதி முடிக்கிற வரை ஒரு ஷேரும் வாங்காதே.

செவ்வாய்க்கிழமை நெத்திலிக் கருவாடு பார்சல் போட்டிருக்கிறேன். நாலு கவர் சுற்றியிருக்கிறேன், ஆபீஸ் முகவரிக்கு வரும். போன தடவை மாதிரி ரிசப்ஷன்காரப் பெண்ணிடம் வைத்துவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடாதே.

அன்புடன்,
அம்மா