பெரியவர்களுக்கும் அந்தப் புத்தகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறு வயதில் படித்த புத்தகங்களைப் பெரியவர்களும் திரும்ப எடுத்துப் படிக்கலாம். பழைய ஞாபகத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அப்போது கண்ணில் படாதது இப்போது படுகிறது.

ரஷ்ய எழுத்தாளர் அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதிய ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ சோவியத் காலத்தில் மலிவு விலையில் தமிழுக்கு வந்த நூல். அதில் பொடியனான அப்பா முதலில் இரவுக் காவல்காரனாக ஆசைப்படுகிறார். அப்புறம் ஐஸ்கிரீம் விற்க நினைக்கிறார். கடைசியில் நாயாகிவிடத் தீர்மானித்து, காலால் காதைச் சொறியப் பழகுகிறார்! பத்து வயதில் அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன். நாற்பதைத் தாண்டி மறுபடி படித்தபோதும் சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் மனம் நின்றது முன்னுரையில். ரஸ்கினின் மகள் சின்னவளாக இருந்தபோது அடிக்கடி நோயில் படுப்பாளாம். அவளுக்காகச் சொல்ல ஆரம்பித்த கதைகள்தான் இவை. பிள்ளை ஜுரத்தில் கிடக்கும்போது அப்பா தன் அசட்டுத்தனங்களை எடுத்துச் சொல்கிறார், பெருமைகளை அல்ல. சிறுவனாக இருந்தபோது அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டுக் கதைக்குப் போயிருப்பேன். முன்னுரையை யார் படித்தார்கள்?

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்த பிறகு அங்கிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்களின் வரத்து நின்றுபோனது. சில நூல்கள் இங்கே மறுபதிப்பாகியிருக்கின்றன, நல்லது. பதிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: பழைய ஓவியங்களை விட்டுவிடாதீர்கள், மொழிபெயர்த்தவர் பெயரை அட்டையிலேயே போடுங்கள். பொது நூலகங்களும் இவற்றைச் சிறுவர் பகுதியில் மட்டும் அடுக்காமல், பெரியவர்கள் அலமாரியிலும் ஒரு பிரதி வைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை