சுவர்த் துளையை அடைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் படுக்கையறைச் சுவரில், பால்கனியில் முக்காலி போட்டு ஏறினால் கைக்கு எட்டும் உயரத்தில், ஏசி குழாய்க்காக எப்போதோ துளைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்ட ஓட்டை ஒன்று இருந்தது. ஹாலோ பிளாக் கல்லால் கட்டிய சுவர் என்பதால் ஓட்டைக்கு உள்ளே நல்ல இடம். நான் குடிவந்த சில மாதங்களில் ஒரு மைனா இணை அங்கே கூடு கட்டியது. விடிவதற்குச் சற்று முன்பே சுவருக்குள்ளிருந்து சத்தம் தொடங்கிவிடும் என்பதால் என் தூக்கம் கெட்டது உண்மை. எச்சம் பால்கனித் தரையெல்லாம் வழிந்ததும் உண்மை. எனவே வீட்டு உரிமையாளரிடம் சொன்னேன். ஓட்டையைச் சரிசெய்யச் சொன்னேனே தவிர, உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன என்பதைச் சேர்த்துச் சொல்லவில்லை. அன்று எனக்கே அது தெரியாது. தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

ஒரு நாள் நண்பகலில், நான் வேலைக்குப் போயிருந்தபோது, கொத்தனார் வந்து ஓட்டையைச் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டுப் போயிருக்கிறார். மாலையில் திரும்பி வந்து பால்கனிக் கதவைத் திறந்தபோது, இரண்டு மைனாக்களும் அந்தப் பூச்சின்மேல் தொற்றிக்கொண்டிருந்தன. ஒன்றின் அலகில் வெட்டுக்கிளி ஒன்று இருந்தது. இன்னும் முழுதாக இறுகாத சிமென்டில் நகக் கீறல்களும், அரிசி மணி அளவில் அலகு கொத்திய குழிகளும் நிறைந்திருந்தன. அறைக்குள் வந்து சுவிட்ச் பெட்டியின் பக்கம் காதை வைத்தேன். குஞ்சுகளின் குரல் தெளிவாகக் கேட்டது.

உரிமையாளரை உடனே தொலைபேசியில் அழைத்தேன். சுவரை உடைத்தால் முன்பணத்தில் கழிக்கப்படும் என்றுதான் பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு அஞ்சி இரவு முழுவதும் தயங்கினேன். மறுநாள் விடிந்ததும் உளியும் சுத்தியலும் கொண்டு நானே பூச்சைப் பெயர்த்தேன். நான்கு குஞ்சுகளில் இரண்டு இறந்துகிடந்தன. மற்ற இரண்டும் வாயைத் திறக்கக்கூட வலுவில்லாமல் இருந்தன. நான் அறைக்குள் வந்து கதவைச் சாத்திய கால் மணி நேரத்துக்குள் தாய்ப்பறவை உள்ளே நுழைந்தது. அந்த இரண்டும் பிழைத்தன. அதிலிருந்து 18ஆம் நாள் காலையில் பறந்து போயின. அந்த ஒரு இரவு நான் தயங்காமல் இருந்திருந்தால் நான்கும் பிழைத்துப் பறந்து போயிருக்கும் என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுவரில் ஓட்டை இருப்பது பறவையின் குற்றம் அன்று. மூடாமல் விட்ட குழாய்த் துளை, சாரம் கட்டியபோது விட்ட துளை, எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தும் இடத்தில் உடைந்துபோன சட்டம், கூரைக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்து ஆகியவை கட்டடத்தின் குறைகள். அவற்றைச் சரிசெய்ய வேண்டியவர் கட்டடத்துக்கு உரியவரே. ஆனால், எப்போது சரிசெய்வது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது உள்ளே இருக்கும் கூட்டின் நிலை. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்காததால்தான் குடியிருப்பவரும் உரிமையாளரும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுக்கொண்டிருக்க, நடுவில் குஞ்சுகள் சுவருக்குள் மூச்சடங்குகின்றன.

கூடு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய உள்ளே கையை விட வேண்டியதில்லை. காலையில் அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து, பறவை அலகில் எதைக் கொண்டுபோகிறது என்று பார்த்தால் போதும். புல்லும் நாரும் பஞ்சும் கொண்டுபோனால் கூடு இன்னும் கட்டப்பட்டுவருகிறது. எதையும் கொண்டுபோகாமல், சத்தமின்றி ஒன்று வெளியே வர மற்றொன்று உள்ளே போனால் பெரும்பாலும் அடைகாத்தல் நடக்கிறது. புழுவும் பூச்சியும் கொண்டுபோய், திரும்பும்போது வெள்ளையான சிறு உருண்டை ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு வெளியே வந்தால், அது குஞ்சின் எச்சம் அடங்கிய பை. உள்ளே குஞ்சுகள் இருப்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. முதல் நிலையில், அதாவது முட்டையிடும் முன்பே கவனித்துவிட்டால், கொண்டுவந்த நாரை எடுத்துவிட்டுத் துளையை அன்றே அடைத்துவிடலாம், அதற்கு நீங்கள் வாழும் நாட்டின் சட்டம் இடங்கொடுக்குமானால். மற்ற இரு நிலைகளிலும் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எவ்வளவு காலம் காத்திருப்பது? இதற்குப் பலர் நினைப்பதைவிடச் சுருக்கமான விடைதான் உண்டு. சிட்டுக்குருவி 10 முதல் 14 நாள் அடைகாக்கிறது. குஞ்சுகள் பொரித்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கூட்டைவிட்டு வெளியேறுகின்றன. மைனாவுக்கு அடைகாக்க இரண்டு வாரத்துக்குச் சற்று மேலும், குஞ்சுகளை வளர்க்க மூன்று முதல் நான்கு வாரமும் ஆகும். உழவாரக் குருவிகளில் (ஆங்கிலத்தில் ஸ்விஃப்ட்) சில இனங்களே சற்று நீண்ட காலம் எடுக்கின்றன. ஐரோப்பாவில் வீட்டுச் சுவர்களில் கூடு கட்டும் உழவாரன் அடைகாக்க ஏறக்குறைய 20 நாளும், குஞ்சுகள் பறக்க ஆறு வாரமும் எடுத்துக்கொள்கிறது. அதுவும் ஆண்டுதோறும் அதே துளையைத் தேடித் திரும்பி வரும் பறவை. ஆக, பெரும்பாலான வீடுகளில் சிக்கல் ஒரு மாதத்திலோ ஒன்றரை மாதத்திலோ தானாகவே முடிந்துவிடும். பழுதடைந்த தண்ணீர்க் குழாய்க்குக் கூட இதைவிட அதிக நாள் காத்திருந்த குடித்தனக்காரர்கள் நம்மில் பலர்.

காத்திருக்கக் கூடாத ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கருவியின் புகைக்குழாயில் பறவை கூடு கட்டியிருந்தால், புகை வெளியேற வழியின்றிக் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே தங்கும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிரைக் கொல்லும். அப்படிப்பட்ட இடத்தில் கூட்டைக் கண்டால், முதல் வேலையாகக் கருவியை நிறுத்திவிட்டு, குஞ்சுகள் வெளியேறும்வரை அதைப் பயன்படுத்தாமலே இருக்க வேண்டும். அது முடியாதென்றால் அந்தப் பகுதியின் வனத்துறையையோ பறவை மீட்புப் பணியில் இருப்பவர்களையோ அழைத்து அவர்கள் வழியாகவே கூட்டை அகற்ற வேண்டும். மின்கம்பிகளின்மேல் காய்ந்த புல் குவிந்திருந்தாலும் இதே எச்சரிக்கை தேவை.

சட்டத்தைப் பற்றியும் பலருக்குத் தெரிவதில்லை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும் அவற்றின் கூடுகளைக் குலைப்பதையும் சேர்த்திருக்கிறது. பிரிட்டனின் 1981ஆம் ஆண்டுச் சட்டம், காட்டுப் பறவை கட்டிக்கொண்டிருக்கும் கூட்டையோ குடியிருக்கும் கூட்டையோ வேண்டுமென்றே அழிப்பதைக் குற்றமாக்குகிறது. அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் பெரும்பாலான உள்நாட்டுப் பறவைகளைக் காக்கிறது. சிட்டுக்குருவி, மைனாவின் உறவுப் பறவையான ஸ்டார்லிங் போன்ற, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட பறவைகள் அதில் அடங்குவதில்லை. நாட்டுக்கு நாடு விவரம் மாறுகிறது. ஆனால், என் சுவர், என் வீடு என்று சொல்லிவிட்டு எந்தக் கூட்டையும் எப்போது வேண்டுமானாலும் அடைக்கலாம் என்ற எண்ணம் இவற்றில் எங்கும் செல்லாது.

பறவைகள் போன பிறகு செய்ய வேண்டியதில்தான் நானே இரண்டாவது முறை தவறினேன். குஞ்சுகள் பறந்துவிட்டன, இனி ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டேன். ஒரு வாரத்தில் கைகளிலும் கழுத்திலும் சிவந்த தடிப்புகள் தோன்றி, இரவில் அரிப்புத் தாங்க முடியவில்லை. பறவைகளின் இரத்தத்தை உறிஞ்சி வாழும் செள்ளு, கூட்டில் பறவை இல்லாமல் போனதும் இரை தேடிச் சுவிட்ச் பெட்டியின் சந்து வழியாக அறைக்குள் இறங்கியிருந்தது. தாளின்மேல் மிளகுத்தூளைத் தூவியது போல அத்தனை சிறிய பூச்சி. மனிதர் உடலில் அது நிலைத்து வாழாது. கூட்டை அகற்றிவிட்டால் நாளடைவில் மடிந்துபோகும். கூட்டை அகற்றாமல் அறைக்குள் மட்டும் மருந்து அடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பதை நான் இரண்டு வாரம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

பழைய கூட்டை எடுக்கும்போது உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் கூட்டித் தள்ளவே கூடாது. காய்ந்த எச்சத்தின் தூசியோடு நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை வித்துகளும் கிருமிகளும் மூச்சில் போகலாம். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, கூட்டின்மேல் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவைத்து, பிறகு கையால் அள்ளி இரட்டைப் பையில் கட்டிவிட வேண்டும். என் வீட்டுச் சுவருக்குள்ளிருந்து ஒரு வாளி நிறையக் குப்பை வந்தது. காய்ந்த புல், கிழிந்த காகிதம், பிளாஸ்டிக் உறைகள், பிரிந்துபோன சணல் கயிறு எல்லாம் அதில் இருந்தன. துளையை அடைப்பதையும் தள்ளிப்போடக் கூடாது. சிட்டுக்குருவியும் மைனாவும் ஒரே பருவத்தில் அதே இடத்தில் மீண்டும் முட்டையிடக் கூடியவை. கடைசிக் குஞ்சு போய், இரண்டு நாள் பார்த்தும் போக்குவரத்து இல்லையென்றால், அந்த வாரத்திலேயே துருப்பிடிக்காத கம்பிவலையை உள்ளே திணித்து அதன்மேல் சிமென்ட் பூசிவிட வேண்டும். காற்றுப்போக்கிகளுக்கு வலை மட்டும் போதும். குஞ்சுகள் இருக்கும்போது துளைக்குள் பூச்சிமருந்து அடிப்பதும் நாப்தலின் உருண்டைகளைப் போடுவதும் சிலர் செய்யும் வேலை. அந்த ஆவி குஞ்சுகளுக்கு மட்டுமல்ல, அதே சுவருக்கு இந்தப்பக்கம் படுத்துறங்கும் மனிதருக்கும் கேடு.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மனிதர் கை பட்ட குஞ்சைத் தாய் ஏற்காது என்று என்னையும் சிறுவயதில் நம்பவைத்திருந்தார்கள். அந்த இரண்டு குஞ்சுகளையும் நான் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வைத்தேன். தாய் தயங்கவே இல்லை. இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் தயங்காமல் எடுத்துக் கூட்டில் வைக்கலாம்.

துளையை இழந்த பறவைக்கு மாற்றிடம் தர விரும்புகிறவர்கள் வெளிச்சுவரில் மரப்பெட்டி ஒன்றைத் தொங்கவிடலாம். சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் வாயில் போதும். வெயில் நேராக அடிக்காத பக்கமாக அது இருக்க வேண்டும். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 2020 முதல், 5 மீட்டருக்கு மேல் உயரமுள்ள புதிய கட்டடங்களில் உழவாரன்களுக்காகவே உட்குழிவான செங்கற்களைப் பதிக்க வேண்டும் என்று கட்டட அனுமதியிலேயே நிபந்தனை வைக்கிறார்கள். பறவை அந்தக் கல்லுக்குள் மட்டும் இருக்கும், சுவரின் மற்ற பகுதிக்குப் போகாது.

வாடகை ஒப்பந்தம் எழுதுகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வெள்ளையடிப்பது யார், குழாய் பழுதானால் செலவு யாருடையது என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அதோடு சில வரிகளைச் சேர்க்க வேண்டும். வெளிச்சுவர்த் துளைகளை அடைப்பது உரிமையாளர் பொறுப்பு. பறவை நடமாட்டத்தைக் கண்டதும் எழுத்தில் தெரிவிப்பது குடியிருப்பவர் பொறுப்பு. உள்ளே முட்டையோ குஞ்சோ இருந்தால் அவை வெளியேறும்வரை இருவரும் துளையைத் தொடுவதில்லை. வெளியேறிய ஒரு வாரத்துக்குள் கூட்டை அகற்றி, துளை அடைக்கப்படும், அந்தச் செலவு முன்பணத்தில் கழிக்கப்படாது. இதைவிட நல்லது, ஒருவர் காலிசெய்து மற்றவர் குடிவருவதற்கு இடைப்பட்ட நாட்களில், வெள்ளையடிக்க வரும் ஆளிடமே ஒரு முறை வெளிச்சுவரைச் சுற்றிப் பார்த்து, கூடு இல்லாத துளைகளையெல்லாம் அடைத்துவிடச் சொல்வது. சாரமும் ஏணியும் அப்போது கையிலேயே இருக்கும்.

கொத்தனார்களுக்கும் ஒரு வார்த்தை. சிமென்டைக் குழைக்கும் முன் துளைக்குள் டார்ச் அடித்து ஒரு நிமிடம் பாருங்கள், காதை வைத்துக் கேளுங்கள். என் வீட்டுக்கு வந்தவரை நான் பிறகு சந்தித்தேன். உள்ளே குஞ்சு இருந்தது தமக்குத் தெரியாது என்றும், தெரிந்திருந்தால் பூசியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்தபோது அது உண்மை என்றே எனக்குப் பட்டது. அடுத்த வீட்டில் பூசும் முன் பார்ப்பதாகவும் சொன்னார்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் குடியிருக்கும் வாசகர் ஒருவர்